கிழமை தவறாத மரத்தடி

தொழுநோய்ப் பணியாளர் ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார் என்றால், அவர் முதலில் பார்ப்பது உங்கள் காது மடலை. மடல் தடித்து மினுமினுக்கிறதா? அடுத்தது புருவம், வெளி ஓரத்தில் முடி கொட்டியிருக்கிறதா? தண்ணீர் டம்ளரை நீட்டும் கையில் சுண்டுவிரல் மடங்கி நிற்கிறதா? இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான், "உடம்புல எங்கயாவது தேமல் இருக்குதாம்மா?" என்று கேட்பார். பாரா மெடிக்கல் ஒர்க்கர் என்ற பெயரில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் தெருக்களில் சைக்கிள் மிதித்து இந்த வேலையைச் செய்தவன் நான். ஓய்வு பெற்று நெடுநாளாகியும், மின்சார ரயிலில் எதிர் சீட்டில் உட்காருபவரின் காது மடலுக்குத்தான் இன்றும் என் கண் போகிறது.

இந்தத் தொழிலை எனக்குக் கற்றுத் தந்தவர்களில் பலர் கத்தோலிக்கத் தன்னார்வலர்கள். பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்சிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். கேரளத்திலிருந்தும் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்களும் இருந்தார்கள். சிலர் கன்னியர். மற்றவர்கள் வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்காத சாதாரண மனிதர்கள். நர்ஸ், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட், செருப்புத் தைக்கத் தெரிந்த ஒருவர் என்று ஆளுக்கொரு கைத்தொழிலோடு வந்தார்கள். பத்து வருடம், இருபது வருடம், அதற்கு மேலும் இருந்துவிட்டவர்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் "தியாகம்" என்று ஒரு சொல் சொல்லி எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். காலையில் எப்போது எழுந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எதற்குக் கோபப்பட்டார்கள், எந்த வேலையைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தார்கள் என்பதைக் கூட இருந்து பார்த்தவர்கள் சொல்லாமல் போனால் அது யாருக்கும் தெரியாது.

நாங்கள் பின்பற்றிய வேலைமுறையின் வேர் காங்கோவில் இருக்கிறது. ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் என்ற பெல்ஜிய மருத்துவர் 1929-இல் அன்றைய பெல்ஜியன் காங்கோவுக்குப் போனார். அங்கே கசாய் பகுதியில், கத்தோலிக்க மிஷனோடு சேர்ந்து கால் நூற்றாண்டு தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். பிறகு இந்தியாவுக்கு வந்து, 1955-இல் மதுராந்தகம் பக்கம் பொலம்பாக்கத்தில் பெல்ஜியத் தொழுநோய் மையத்தைத் தொடங்கினார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் நாட்டிலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த இடங்களில் ஒன்று. அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தன. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதும் அதே 1955-இல்தான்.

ஹெமரிக்ஸோடு வேலை செய்ய வந்தவர் டாக்டர் கிளேர் வெல்லுட். 1926-இல் பெல்ஜியத்தில் பிறந்தவர். கன்னியர் மடத்தைச் சேர்ந்தவர் அல்லர். 1937-இல் இவோன் போன்ஸ்லே தொடங்கிய கத்தோலிக்கப் பெண் துணைப்பணியாளர் அமைப்பைச் சேர்ந்தவர். போகிற நாட்டு மக்களோடு மக்களாக வாழ்ந்து, அந்த ஊர்க்காரர்களின் பொறுப்பின் கீழ் வேலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வெல்லுட் இந்தியக் குடியுரிமை பெற்றார். அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி தொழுநோய்ப் பணியோடுதான் கழிந்தது. 2013-இல் காலமானார்.

ஹெமரிக்ஸ் கொண்டுவந்தது மரத்தடி மருந்தகம். அதுவரை தொழுநோய் மருத்துவம் என்றால் ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பு, அதற்கு ஒரு மதில், உள்ளே போனவர் வெளியே வராத வாழ்க்கை. பிச்சையெடுக்கும் தொழுநோயாளியைப் பிடித்து அடைத்து வைக்க 1898-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. டாப்சோன் மாத்திரை வந்த பிறகு நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. மாத்திரை மலிவு. வீட்டிலிருந்தே சாப்பிடலாம். அப்படியென்றால் நோயாளி ஏன் மருத்துவமனைக்கு வர வேண்டும்? பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், டீக்கடையில் டம்ளர் தர மாட்டார்கள், புண் உள்ள காலோடு நெடுந்தூரம் நடக்கவும் முடியாது. ஆகவே வண்டியில் மருந்தை ஏற்றிக்கொண்டு மருத்துவர் போனார். சாலையோரம் நிழலுள்ள ஒரு மரம், வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். அடுத்த மரம், அடுத்த ஊர்.

நான் எழுபதுகளின் தொடக்கத்தில் பொலம்பாக்கத்தில் பயிற்சி எடுத்தபோது ஹெமரிக்ஸ் மறைந்து (1969) சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் வைத்த ஒழுங்கு அப்படியே இருந்தது. என் அப்பா ஆவடி ஆர்மி துணி ஃபேக்டரியில் தையல்காரர். "குஷ்டரோகியத் தொடுற வேலைக்கா படிச்ச?" என்று கேட்டவர், பிறகு எதுவும் சொல்லவில்லை. அம்மா மட்டும் நான் லீவில் வரும்போதெல்லாம் வாசலிலேயே குளிக்கச் சொல்வாள்.

பயிற்சி முடித்து நான் வந்து சேர்ந்தது சென்னையின் மேற்குப் பக்கத்துக்கு. நகரத்துக்குள் 1971-இல் ஜெர்மன் உதவியோடு கிரெமால்டஸ் என்ற தொழுநோய் மருத்துவ அமைப்பு தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சிறிய மிஷன் மருந்தகம். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டு வீடு ஒன்றில் தன்னார்வலர்கள் குடியிருந்தார்கள். அந்த வீடு கிடைத்ததே பெரும்பாடு. நோயாளி யாரும் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். அதனால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. எங்கள் மருந்தகம் முழுக்க வெளியில்தான்: திங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டை (எஸ்டேட்) பக்கம், செவ்வாய் ஆவடி செக்போஸ்ட் தாண்டி, புதன் பூந்தமல்லி கரையான்சாவடி, வியாழன் திருவேற்காடு. வெள்ளி, சனி வீடு வீடாகச் சர்வே.

அந்த வீட்டில் காலை ஐந்து மணிக்கு விளக்கு எரியும். குடிதண்ணீர்க் குழாய் அந்த நேரத்தில்தான் வரும். முதலில் எழுகிறவர் குடத்தை வைத்துவிட்டு மற்றவர்களை எழுப்ப வேண்டும். ஆறு மணிக்குக் கோயிலில் பூசை. கத்தோலிக்கர் அல்லாத ஊழியர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். நோயாளிகளிடம் மதம் பற்றிப் பேசியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு என்பதால் சொல்கிறேன். ஏழு மணிக்கு இட்லியோ பழைய சோறோ. ஒரு பெல்ஜிய நர்ஸ் அக்காவுக்கு வந்த புதிதில் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சியும் வாழைப்பழமுமாகவே பல மாதம் ஓட்டினார். பிறகு அவரே எலுமிச்சை ஊறுகாய் போடக் கற்றுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஜாடியில் கொடுத்தனுப்பினார்.

எட்டு மணிக்குள் வண்டி கிளம்ப வேண்டும். மாத்திரை டின், நோயாளி அட்டைகள் அடங்கிய மரப்பெட்டி, ஸ்லைடு பெட்டி, ஸ்பிரிட் விளக்கு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் இரண்டு கேன், மடக்கு ஸ்டூல்கள், கட்டுத்துணி மூட்டை. பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். அதை வாய்விட்டுப் படித்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கதவைச் சாத்துவார்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் அந்த நர்ஸ் அக்காவுக்குக் கோபம் வந்து பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட் விளக்குக்குத் தீப்பெட்டி இல்லாமல் போனதற்காக ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தார். தீப்பெட்டி இல்லையென்றால் ஸ்லைடைச் சூடுகாட்ட முடியாது, ஸ்மியர் வீணாகும், ஒரு நோயாளியின் காது மடலைக் காரணமில்லாமல் கீறியதாகும். அவர் கணக்கு அது.

அந்த ஸ்மியர் எடுப்பதுதான் எங்கள் தொழிலில் கையும் மனமும் நிதானமாக இருக்க வேண்டிய வேலை. காது மடலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். ரத்தம் விலகி மடல் வெளுக்கும். ஸ்பிரிட் தடவி, பிளேடு நுனியால் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் ஒரு கீறல். பிடியைத் தளர்த்தாமல் பிளேடைத் திருப்பி, கீறலின் உள்பக்கத்தைச் சுரண்டினால் சதைநீர் வரும். ரத்தம் கலந்தால் ஸ்லைடு கெட்டுவிடும். அதைக் கண்ணாடியில் வட்டமாகத் தடவி, தீயில் லேசாகக் காட்டி எடுத்து வைக்க வேண்டும். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். ஹான்சன் 1873-இல் நார்வேயில் கண்டுபிடித்த கிருமி.

உணர்ச்சி பார்ப்பது இதைவிட எளிது, ஆனால் பொறுமை வேண்டும். "கண்ண மூடிக்கோங்க. பஞ்சு படுற இடத்த விரலால காட்டுங்க." நல்ல தோலில் நாலு தடவை தொட்டுக் காட்டிவிட்டு, பிறகு தேமலில் தொட வேண்டும். விரல் நகராது. அந்த விரல் நகராத கணத்தில் நோயாளிக்கும் புரிந்துவிடும். அப்போது என்ன சொல்வது என்பதைத்தான் நான் அந்தத் தன்னார்வலர்களிடம் கற்றேன். அவர்கள் எதையும் உடனே சொல்ல மாட்டார்கள். தேமலின் மேல் தங்கள் கையைச் சும்மா வைத்திருப்பார்கள். பிறகு முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பைத் தடவிப் பார்ப்பார்கள். அது தடித்திருந்தால் வலிக்கும். "வலிக்குதா? சரி. மருந்து இருக்குது. வர்ற புதன்கிழம இதே மரத்தடிக்கு வாங்க, நான் இருப்பேன்." இவ்வளவுதான்.

அந்த "நான் இருப்பேன்" பொய்யாகாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வாழ்க்கையின் முழு வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன். தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். உடம்புக்குள் போய் 5 வருடம், சிலருக்கு 20 வருடம் கழித்துத்தான் தேமலாகத் தெரியும். டாப்சோன் மட்டுமே இருந்த காலத்தில் தேமல் குறைவாக உள்ளவர்களே வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். கிருமி அதிகம் உள்ளவர்கள் பலர் ஆயுள் முழுக்க. இரண்டு வருடம் இருக்க வருகிற ஒருவர் தான் கண்டுபிடித்த ஒரு நோயாளியாவது குணமானதைப் பார்க்காமலே ஊர் திரும்புவார். நோயின் நீளம் எவ்வளவோ, ஊழியத்தின் நீளமும் அவ்வளவு இருந்தால்தான் அதற்கு அர்த்தம்.

முதல் வருடம் ஒரு வெளிநாட்டுத் தன்னார்வலரால் எங்களுக்குப் பலன் எதுவும் இருக்காது. அவருக்கு வயிற்றுப்போக்கு வரும், வேர்க்குரு வரும், வழி தெரியாது, மொழி தெரியாது. நாங்கள்தான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வருடம் அட்டையில் பேர், தகப்பன் பேர், ஊர் மூன்றையும் தமிழில் எழுதத் தொடங்குவார். அந்த வீட்டுக்கு வந்த வெளிநாட்டவர் எல்லோரும் முதலில் கற்ற தமிழ் எழுத்து அதுதான். மூன்றாம் வருடம் நோயாளிகளே பேச்சுத் திருத்துவார்கள். பூந்தமல்லி மரத்தடிக்கு வந்த ஒரு கிழவியிடம்தான் அந்த நர்ஸ் அக்கா பேசக் கற்றார். "இன்னா ஆயா, மாத்திர துன்னியா இல்லியா?" என்று அவர் கேட்டால் ஆயா பொய் சொல்ல மாட்டாள். பாக்கி மாத்திரையை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் காட்டிவிடுவாள். ஐந்தாம் வருடத்துக்கு மேல்தான் அவர் நல்ல ஊழியர் ஆனார் என்பது என் மதிப்பீடு. இடையில் வந்து போனவர்கள் நல்லவர்கள்தான். அவர்களில் ஒருவர் வந்த வாரமே நோயாளிகளின் விரல்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். மூத்தவர் கேமராவை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டி, "முதலில் இவர்கள் பெயர்களைக் கற்றுக்கொள், பிறகு கேட்டு எடு" என்றார்.

மத்தியான வேலை என்று ஒன்று உண்டு. அதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஐரோப்பாவில் வீட்டுப் பெண்கள், முக்கியமாக வயதானவர்கள், பருத்தி நூலில் கட்டுத்துணி பின்னி மூட்டை மூட்டையாக அனுப்புவார்கள். கடையில் வாங்கும் காஸ் துணியை ஒருமுறை போட்டால் எறிய வேண்டும். பின்னிய துணியைத் துவைத்துக் கொதிக்க வைத்து மறுபடி மறுபடி போடலாம். கிளினிக் முடிந்து வந்ததும் புண்ணில் போட்ட துணிகளைச் சோடாவும் டெட்டாலும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி, அண்டாவில் கொதிக்க வைத்து, கொல்லைக் கொடியில் காயப் போடுவோம். நாலு மணிக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்து அதைச் சுருட்டுவோம். தளர்வாகச் சுருட்டினால் கட்டுப் போடும்போது கையை விட்டு ஓடும். ஒரு முனையைத் தொடையில் அழுத்தி, இழுத்து, ஒரே சீராகச் சுருட்ட வேண்டும். குணமான நோயாளிகளில் இருவர் டிரஸ்ஸராக எங்களோடு வேலை செய்தார்கள். மடங்கிய விரல்களை வைத்துக்கொண்டு எங்களைவிட வேகமாகச் சுருட்டுவார்கள். குடும்பக் கதை, சினிமாக் கதை, ஊரிலிருந்து வந்த நீல ஏரோகிராம் கடிதம் எல்லாம் அந்தப் பாயில்தான். அந்த நர்ஸ் அக்காவின் தாய் இறந்த செய்தி வந்த அன்றும் அவர் வந்து உட்கார்ந்து சுருட்டினார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அன்றைக்கு மூட்டை சீக்கிரம் காலியாகிவிட்டது.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பொலம்பாக்கத்தில் நோயாளி விவசாயக் கூலி. இங்கே அவர் ஷிப்டுக்குப் போகிறவர். அம்பத்தூர் எஸ்டேட் 1964-இல் வந்தது; சைக்கிள் கம்பெனி, டயர் கம்பெனி, பாடியில் கார் உதிரிப்பாகம், ஆவடியில் டாங்க் தொழிற்சாலை. திருவண்ணாமலையிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் கிருமியையும் உடம்புக்குள் கொண்டு வந்தார்கள். அவர்களுக்கே தெரியாது. தெரிந்தபோது மறைத்தார்கள். தேமல் தெரிந்தால் வேலை போய்விடும், வாடகை வீடு போய்விடும், தங்கை கல்யாணம் நின்றுவிடும்.

ஃபவுண்டரித் தொழிலாளி ஒருவரை நாங்கள் கண்டுபிடித்தது அவருடைய விரல் கொப்புளத்தால். சுட்டது தெரியாமல் சூடான அச்சைப் பிடித்திருக்கிறார். மரத்தடிக்கு வர மாட்டேன் என்றார். சரி, ஷிப்டு விடும் நேரத்தில் அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், கடைசி பெஞ்சில் மாத்திரை கொடுப்பது என்று ஏற்பாடு. எண்பதுகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1982-இல் பரிந்துரைத்தது. மாதம் ஒருமுறை எங்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டிய ரிஃபாம்பிசினும் குளோஃபாசிமினும், தினமும் வீட்டில் சாப்பிட டாப்சோனும் குளோஃபாசிமினும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். குளோஃபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். இந்த மனிதர் சிவப்புத் தோல்காரர். மூன்றாவது மாதம் முகம் கறுத்துவிட்டது. கூட வேலை செய்பவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். "நிறுத்திடறேங்க" என்றார். நான் பயமுறுத்திப் பார்த்தேன், அவர் மசியவில்லை.

நர்ஸ் அக்கா வேறு வழியில் போனார். அந்தத் தொழிலாளியின் அனுமதியோடு, அவர் மனைவியைப் பார்க்கப் போனார். ஒரு பெண்ணாக அவரால் அது முடிந்தது. அந்த அம்மாவுக்குத் தேமல் இல்லை என்று உடம்பெல்லாம் பார்த்துச் சொன்னார். மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை வீட்டில் யாருக்கும் தொற்றாது என்று விளக்கினார். அதன் பிறகு அந்த வீட்டில் மாத்திரை போடச் சொல்லும் ஆள் மனைவிதான். அந்த மனிதர் சிகிச்சையை முடித்தார், நிறமும் மெல்லத் திரும்பியது, அதே கம்பெனியில் ரிடயர் ஆனார்.

பெண்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஆண் பணியாளனான என்னால் ஒரு பெண்ணின் முகத்தையும் முன்கையையும் மட்டும்தான் பார்க்க முடிந்தது. தேமல் முதுகிலும் தொடையிலும் இருக்கும். சர்வேயில் பெண் நோயாளிகள் குறைவாக இருப்பதாக எழுதிக்கொண்டிருந்தோம். அந்த வீட்டுப் பெண்கள் எங்களோடு வரத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை ஏறியது. செங்கல் சூளைகளில், தட்டியை மறைவாக வைத்துக்கொண்டு, கேரளத்து சிஸ்டர் ஒருவர் ஒவ்வொரு பெண்ணாகப் பார்ப்பார்.

செருப்புத் தைக்கத் தெரிந்தவர் என்று சொன்னேன். உணர்ச்சி இல்லாத காலுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்புத் தர வேண்டும். இல்லாவிட்டால் கல் குத்தினாலும் தெரியாமல் நடந்து புண்ணாகும். செருப்பைக் கொடுத்தோம், யாரும் போடவில்லை. அந்த ஒரே மாதிரிக் கறுப்புச் செருப்பைப் பார்த்ததுமே ஊர் கண்டுபிடித்துவிடும். அவர் பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக் கடைகளில் ஒரு நாள் முழுக்க நின்று, ஜனங்கள் எந்த வார், எந்த நிறம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி மேல்வார் தைத்து அடியில் எம்.சி.ஆர். வைத்தார். போட்டுக்கொண்டார்கள். புண்கள் குறைந்தன. தினமும் காலைத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும் என்று அவரே ஒவ்வொரு மரத்தடியிலும் தன் காலை வைத்துச் செய்து காட்டுவார்.

1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். மறைந்த நாள், வியாழக்கிழமை, எங்கள் திருவேற்காட்டு முறை. பஸ் இல்லை, கடை இல்லை, வண்டி எடுத்தால் கல் விழும். கிளம்ப வேண்டாம் என்று நான் சொன்னேன். அக்கா மாத்திரைகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நானும் போனேன். கூவத்தைத் தாண்டி மரத்தடிக்குப் போனால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு கலாட்டாவில் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "அம்மா வரும்னு தெரியும், அதான் வந்தோம்" என்றார் ஒருவர். அன்று முழு அட்டையும் நிரம்பியது.

ஒரு நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். தன்னார்வலர்களுக்குச் சம்பளம் இல்லை, கைச்செலவுக்குச் சிறு தொகை மட்டும். எங்களுக்குச் சம்பளம் உண்டு. ஆகவே ஊர் அவர்களைக் கும்பிட்டது, எங்களை ஒதுக்கியது. குஷ்ட டிபார்ட்மெண்ட்காரன் வீடு என்று பெண் கொடுக்கத் தயங்கினார்கள், பெண் எடுக்கவும் தயங்கினார்கள். புண் கழுவிய டிரஸ்ஸர்களின் பெயர் எந்தப் பாராட்டு விழாவிலும் வாசிக்கப்படவில்லை. அந்த அக்கா இதை நன்றாக அறிந்தவர். பேச அழைத்த இடங்களில் எங்களைத்தான் முன்னால் நிறுத்துவார். பொறுப்பையும் கடைசியில் உள்ளூர்ப் பெண் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கீழேயே சில வருடம் வேலை செய்தார்.

2005 டிசம்பரில் நாடு முழுக்கச் சராசரியாகப் பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே வந்துவிட்டது என்று கணக்கிட்டு, தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாக அறிவித்தார்கள். 1983-இல் அது பத்தாயிரத்துக்கு 57 பேருக்கு மேல். இது பெரிய சாதனை. அதில் எங்கள் சைக்கிள்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்குள்ளாகவே தனிப் பணியாளர்கள் பொதுச் சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டார்கள், வீடு வீடான சர்வே மெலிந்தது, நன்கொடை வேறு பக்கம் போனது, தன்னார்வலர்கள் முதுமையடைந்தார்கள். இன்றும் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்; உலகக் கணக்கில் இது பாதிக்கு மேல். கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து எங்கள் அம்பத்தூருக்கு வந்து ஷெட்டுகளில் தங்கியிருக்கும் பையன்களின் முதுகை யார் பார்க்கிறார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

அதனால் இரண்டு வேண்டுகோள். வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல் இருந்து, அதில் தொடு உணர்ச்சி இல்லை என்றால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து முழுக்க இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். கூட வசிப்பவர்களுக்கும் தடுப்பாக ஒரு வேளை மாத்திரை கொடுக்கிறார்கள். ஆரம்பத்திலேயே போனால் விரல் மடங்காது.

இன்னொன்று, சேவை செய்ய வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து போக வேண்டாம். வாரத்தில் ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள், ஒரே இடத்துக்கு, குறைந்தது மூன்று வருடம் வாருங்கள். புண் கழுவவும் கட்டுப் போடவும் நான் கற்றுத் தருகிறேன்.